ஒரே தேதி, பல சம்பவங்கள்: எது நிஜமாகவே தற்செயல்?

காலண்டர்தாள்:

சொந்தக்காரர்கள் குழுவில் தினமும் காலையில் ‘வரலாற்றில் இன்று’ என்று நாலு வரி போடுவது என் வழக்கம். யாரும் கேட்டதில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. ஏப்ரல் 23 அன்று, ‘ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டிசும் 1616இல் ஒரே நாளில் மறைந்தார்கள்’ என்று போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அக்கா மகன் பதில் போட்டுவிட்டான்: ‘ஒரே தேதிதான் மாமா, ஒரே நாள் இல்லை.’

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் தேடிப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. ஸ்பெயின் 1582லேயே, இன்று நாம் பார்க்கும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியனைக் கட்டிக்கொண்டு அழுதது. 1616இல் இரண்டுக்கும் பத்து நாள் இடைவெளி. ஸ்பெயின் கணக்கில் ஷேக்ஸ்பியர் இறந்தது மே 3. போதாக்குறைக்கு, செர்வான்டிஸ் இறந்ததே ஏப்ரல் 22 என்றும் 23 அடக்கம் நடந்த நாள் என்றும் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் ஓட்டை.

அதனால் இங்கே வந்தேன். ஒரே தேதியில் நடந்த பெரிய சம்பவங்களைச் சொல்லுங்கள். ஆனால் அக்கா மகன் கை வைக்க முடியாததாக இருக்க வேண்டும். என்னிடம் இருப்பதில் பலமானது ஜூலை 4. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4 அன்று, அதை உருவாக்கியவர்களில் முக்கியமான இருவர், ஜான் ஆடம்சும் தாமஸ் ஜெஃபர்சனும், சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். ஒருவர் மாசசூசெட்ஸில், மற்றவர் வர்ஜீனியாவில். ஐந்து ஆண்டு கழித்து 1831இல் ஜேம்ஸ் மன்றோவும் அதே ஜூலை 4. முதல் ஐந்து அதிபர்களில் மூன்று பேர்! இதை யாராவது உடைத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

கணக்குப்புலி:

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் எல்லாம். ஒரு அறையில் 23 பேர் இருந்தால் போதும், அவர்களில் யாராவது இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் வந்துவிடும். 57 பேர் என்றால் 99 சதவீதம். அமெரிக்க அதிபர்களிலேயே ஜேம்ஸ் போல்க், வாரன் ஹார்டிங் இருவருக்கும் பிறந்தநாள் நவம்பர் 2. அதைப் பற்றி யாராவது வாய் பிளக்கிறார்களா? நவம்பர் 2க்கு ஒரு மவுசும் இல்லை, அவ்வளவுதான். வரலாற்றில் இருப்பவை 23 சம்பவங்களா? லட்சக்கணக்கில் இருக்கின்றன. தேதிகளோ 366தான்.

பழையபேப்பர்:

கணக்குப்புலி சார், பனம்பழம் எல்லாம் தானாக விழுவதில்லை. சிலதைத் தொரட்டி போட்டு இழுத்திருக்கிறார்கள். நவம்பர் 9ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் இதை விதியின் நாள் என்றே சொல்கிறார்கள்.

1918 நவம்பர் 9: பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம் பதவி விலகியதாக அறிவிப்பு வருகிறது. நாடாளுமன்றக் கட்டட ஜன்னலில் நின்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடெமான் குடியரசை அறிவிக்கிறார். கொஞ்ச நேரத்தில் இடதுசாரித் தலைவர் லீப்க்னெக்ட் அரண்மனைப் பக்கம் நின்று சோஷலிசக் குடியரசை அறிவிக்கிறார்.

1923 நவம்பர் 8, 9: ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்கிறார். 1918இல் நடந்ததைத் துரோகம் என்று பிரசாரம் செய்த கட்சிக்கு, அதே தேதியை ஒட்டிக் கிளம்புவதில் இருந்த லாபம் தெரியாமல் இருந்திருக்காது.

1938 நவம்பர் 9: யூதர்களின் வழிபாட்டுத் தலங்களும் கடைகளும் கொளுத்தப்பட்ட இரவு. சுமார் 30,000 யூத ஆண்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். இது ஏன் அன்றைக்கு நடந்தது? பாரிசில் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி அன்று மாலை இறந்துபோனார். அந்தச் செய்தி மியூனிக்கை எட்டியபோது கட்சியின் பழைய ஆட்கள் அத்தனை பேரும் ஒரே மண்டபத்தில் விருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதற்காக விருந்து? 1923இன் 15ஆம் ஆண்டு நினைவுக்கு. பிரசார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து பேசினார். கேட்டவர்கள் அங்கிருந்தே தொலைபேசியில் ஊர் ஊராக உத்தரவு போட்டார்கள். அந்த ஆண்டு நினைவு இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் அங்கே இல்லை. 1918, 1923, 1938 மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்து இழுத்தவை. இதற்கு நிகழ்தகவுக் கணக்கு போடுவது வீண் வேலை.

இதே கூட்டத்தால் இன்னொன்றும் நடந்தது. ஹிட்லர் ஆண்டு தவறாமல் நவம்பர் 8 மாலை, 1923இல் கிளம்பிய அதே பீர் மண்டபத்துக்கு வருவார் என்பது ஊருக்கே தெரியும். கேயார்க் எல்சர் என்ற தச்சர் இரவு இரவாக மண்டபத்தில் ஒளிந்திருந்து, தூணைக் குடைந்து, உள்ளே குண்டு வைத்தார். 1939 நவம்பர் 8 அன்று அது சரியாக வெடித்தது. ஹிட்லர் 13 நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிட்டார்.

காலண்டர்தாள்:

அப்படியானால் 1989? பெர்லின் சுவர் திறந்ததும் நவம்பர் 9தானே. அதையும் யாராவது பார்த்து வைத்தார்களா?

பழையபேப்பர்:

இல்லை, அதுதான் வேடிக்கை. அன்று மாலை கிழக்கு பெர்லினில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு. கட்சியின் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி கையில் புதிய பயண விதிகள் அடங்கிய தாள் இருக்கிறது. மறுநாள் அதிகாலையில்தான் வெளியிட வேண்டும் என்று இருந்த அறிவிப்பு. அவரிடம் அதை யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்கவில்லை. ‘எப்போதிலிருந்து?’ என்று நிருபர்கள் கேட்கிறார்கள். மனிதர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் புரட்டுகிறார், ஓரிரு வரி முணுமுணுக்கிறார். எனக்குத் தெரிந்தவரை இப்போதே, உடனடியாக என்கிற பொருளில் சொல்லிவிடுகிறார். தொலைக்காட்சியில் பார்த்த ஜனம் எல்லைச் சாவடிகளில் குவிந்துவிட்டது. மேலிடத்தில் கேட்டால் பதில் இல்லை. போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் அதிகாரி இரவு பதினொன்றரை மணி வாக்கில் தானாக முடிவெடுத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

பதினொன்றரை என்பதைக் கவனியுங்கள். அவர் இன்னும் அரை மணி நேரம் தயங்கியிருந்தால் அது நவம்பர் 10. இதை மட்டும் பனம்பழம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஜெர்மனி ஒன்றானபோது நவம்பர் 9ஐயே தேசிய நாளாக வைக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. 1938 நடந்த தேதியில் எப்படிப் பட்டாசு வெடிப்பது? அக்டோபர் 3 தேசிய நாளானது.

அரைநிமிடம்:

நள்ளிரவு என்றதும் எனக்குக் கை அரிக்கிறது. தேதி என்பதே யாருடைய கடிகாரம் என்பதைப் பொறுத்ததுதானே?

பேர்ல் துறைமுகத் தாக்குதல் 1941 டிசம்பர் 7. ஜப்பானியப் புத்தகத்தைத் திறந்தால் டிசம்பர் 8. அதே போரில் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது டிசம்பர் 8. படித்தால் ஏதோ மறுநாள் நடந்தது மாதிரி இருக்கும். உண்மையில் கோத்தா பாருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் பேர்ல் துறைமுகத்தில் முதல் குண்டு விழுந்தது. நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு இருப்பதால், முன்னால் நடந்தது பின்தேதியோடு நிற்கிறது.

ஐரோப்பாவில் போர் முடிந்த நாளும் இப்படித்தான். மேற்கில் மே 8, ரஷ்யாவில் மே 9. சரணடைதல் அமலுக்கு வந்தது மத்திய ஐரோப்பிய நேரம் மே 8 இரவு 11 மணி 1 நிமிடம். அப்போது மாஸ்கோவில் நள்ளிரவு தாண்டிவிட்டது.

ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலை 20 என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அது அமெரிக்கத் தேதி. கிரீன்விச் நேரத்தில் ஜூலை 21 அதிகாலை 2 மணி 56 நிமிடம். அவர் போன ஈகிள் கலம் தரையிறங்கியது மட்டும் இரண்டு கணக்கிலும் ஜூலை 20. அமெரிக்காவின் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் இறங்கியது 1976 ஜூலை 20, அதே தேதி. ஆனால் முதலில் அதற்குக் குறித்திருந்தது ஜூலை 4, அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டுக்காக. இறங்கும் இடம் கரடுமுரடாகத் தெரிந்ததால் தள்ளிப்போனது.

திண்ணை:

அரைநிமிடம் அண்ணே, நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. பாரதி நினைவு நாள் செப்டம்பர் 11 என்றுதான் படித்தோம், மகாகவி நாளும் அன்றுதான். ஆனால் அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவைத் தாண்டி. கடிகாரப்படி 12. சூரியன் எழுந்தால்தான் அடுத்த நாள் என்று பார்த்தால் 11. இதை வைத்து இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

அந்த செப்டம்பர் 11 ஒரு விசித்திரமான தேதி. 1893இல் விவேகானந்தர் சிகாகோவில் பேசியது, 1906இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டர் கூட்டத்தில் காந்தியின் சத்தியாகிரகம் கருக்கொண்டது, 1973இல் சிலியில் ராணுவம் அதிபர் அலெண்டேயின் அரண்மனை மீது குண்டு போட்டது, 2001இல் நியூயார்க். சிலியில் ‘செப்டம்பர் 11’ என்றால் இன்றும் முதலில் 1973தான் ஞாபகம் வரும். இரண்டுமே செவ்வாய்க்கிழமை. இதற்கு என்ன சொல்கிறீர்கள் புலியாரே?

கணக்குப்புலி:

1973க்கும் 2001க்கும் இடைவெளி 28 ஆண்டு. நான்காண்டுக்கு ஒரு லீப், வாரத்துக்கு ஏழு நாள். நாலேழு இருபத்தெட்டு. இடையில் லீப் வரிசை அறுபடாவிட்டால் 28 ஆண்டுக்கு ஒரு முறை கிழமையும் தேதியும் அச்சாக ஒத்துப்போகும். நடுவில் வந்த 2000மும் லீப் ஆண்டாக இருந்துவிட்டதால் வரிசை அறுபடவில்லை. நீங்கள் பிறந்த கிழமை உங்கள் 28ஆவது பிறந்தநாளில் திரும்ப வந்திருக்கும், போய்ப் பாருங்கள்.

ஜெர்மனி விஷயத்தில் பழையபேப்பர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

வால்நட்சத்திரம்:

நான் ஒன்று சொல்கிறேன். இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

1871 அக்டோபர் 8, ஞாயிறு இரவு. சிகாகோ எரிந்த இரவு. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஒரு மாடு விளக்கை உதைத்துவிட்டது என்ற கட்டுக்கதை வரைக்கும் உலகம் முழுக்கத் தெரியும். அதே இரவு, அதே நேரத்தில், வடக்கே விஸ்கான்சினில் பெஷ்டிகோ என்ற மரம் அறுக்கும் ஊர் எரிந்து காணாமல் போனது. அங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் இறந்தவர்கள் குறைந்தது 1,200, கூடினால் 2,500 என்கிறார்கள். துல்லியமாகச் சொல்ல வழியில்லை, பெயர்ப் பதிவேடுகளும் எரிந்துவிட்டன, அடையாளம் சொல்ல ஆட்களும் இல்லை. பெயர் தெரியாத சுமார் 350 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள்.

தப்பித்தவர்களில் பலர் ஆற்றில் இறங்கி நின்றவர்கள். தலைக்கு மேல் காற்றே எரிந்தது, அதனால் மணிக்கணக்கில் தலையில் தண்ணீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டு நின்றார்கள். அக்டோபர் மாதத்து ஆற்றுத் தண்ணீர். குளிரில் விறைத்துச் செத்தவர்களும் உண்டு. உள்ளூர்ப் பாதிரியார் பெர்னின் பிழைத்து, அந்த இரவைப் பிற்பாடு எழுதி வைத்தார்.

தந்திக் கம்பியும் எரிந்துபோனதால் செய்தி வெளியே வரவே தாமதம். வந்தபோது மாநில ஆளுநர் ஊரில் இல்லை, சிகாகோவுக்கு உதவி செய்யப் போயிருந்தார். அவர் மனைவிதான் சிகாகோவுக்குக் கிளம்ப இருந்த நிவாரண ரயிலை பெஷ்டிகோ பக்கம் திருப்பிவிட்டார். அதே நாளில் மிச்சிகனில் ஹாலந்து, மானிஸ்டீ ஊர்களும் எரிந்தன.

ஒரே இரவில் இத்தனை தீ என்றதும் வால்மீன் துண்டு விழுந்தது என்று ஒரு கதை கிளம்பியது. (என் பெயரைப் பார்த்துவிட்டு அதை நான் ஆதரிப்பேன் என்று நினைக்க வேண்டாம்.) கோடை முழுக்க மழை இல்லை, காடெல்லாம் வெட்டிப்போட்ட சருகும் கிளையும், ஆங்காங்கே அணையாமல் புகைந்துகொண்டிருந்த சிறு தீ. அன்று அந்த வட்டாரம் முழுவதும் தென்மேற்கிலிருந்து சூறைக்காற்று. பொறிகள் வேறு வேறு, காற்று ஒன்று.

காலண்டர்தாள்:

சிகாகோவை எத்தனையோ முறை ‘வரலாற்றில் இன்று’ போட்டிருக்கிறேன். பெஷ்டிகோ என்ற பெயரை இன்றுதான் கேட்கிறேன். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

திண்ணை:

ஒரே நாளில் பெரியது ஒன்று நடந்தால் சின்னது அமுங்கிப்போகும். 1963 நவம்பர் 22 கென்னடி சுடப்பட்ட நாள். அதே நாள் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி. எஸ். லூயிசும் இறந்தார்கள். இரண்டு பெரிய எழுத்தாளர்கள், பத்திரிகையில் அவர்களுக்கு இடமே இல்லை.

மௌனவாசகி:

பல மாதமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று எழுத வைத்துவிட்டீர்கள்.

ஒன்றுமே நடக்காத தேதிகளும் உண்டு. ரோமிலும் ஸ்பெயினிலும் 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. இடையில் பத்து நாள் கிடையவே கிடையாது. ஆவிலாவின் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில். அக்டோபர் 4 இரவு படுத்த ஊர் 15 காலையில் எழுந்தது. அவருடைய திருநாள் அக்டோபர் 15. பிரிட்டனில் 1752 செப்டம்பர் 3 முதல் 13 வரை எந்தச் சம்பவமும் இல்லை, அந்த நாட்களே இல்லை.

தலைகீழாக சுவீடனில் ஒரு நாள் கூடுதல். கொஞ்சம் கொஞ்சமாகப் புதிய நாட்காட்டிக்குப் போகலாம் என்று 1700இல் லீப் நாளை விட்டார்கள். 1704, 1708இல் விட மறந்தார்கள். இப்போது எந்த நாட்டோடும் ஒட்டாத தேதி. சலித்துப்போய் பழையதற்கே திரும்ப, 1712இல் பிப்ரவரி 30 வைத்தார்கள். அன்று சுவீடனில் பிறந்தவர் யாரேனும் இருந்தால் அவர் பாடு என்ன என்று அடிக்கடி யோசிப்பேன்.

‘கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்’ என்று பாடத்தில் படித்திருப்போம் இல்லையா? கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 புதிய கணக்கு. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 பழைய கணக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு கழித்து ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தார், அந்தப் பொருத்தத்தில் மட்டும் பழுதில்லை. டார்வினும் லிங்கனும் 1809 பிப்ரவரி 12 அன்று பிறந்ததும் அப்படித்தான், உங்கள் அக்கா மகன் தாராளமாகச் சோதிக்கலாம்.

கணக்குப்புலி:

ஹாக்கிங் தானே இதைப் பற்றிச் சொன்னாரே, அன்றைக்குப் பிறந்த குழந்தைகள் இரண்டு லட்சம் இருக்கும் என்று. எனக்கு வேலை வைக்காத மனிதர்.

திண்ணை:

சரி புலியாரே, மெக்சிகோவுக்குப் பதில் சொல்லுங்கள். செப்டம்பர் 19. 1985இல் தலைநகரைச் சிதைத்த நிலநடுக்கம், ஆயிரக்கணக்கில் சாவு. அதன் நினைவாக ஆண்டுதோறும் அதே தேதியில் நாடு முழுக்க ஒத்திகை. 2017 செப்டம்பர் 19 காலை 11 மணிக்குச் சைரன் ஊதி, எல்லோரும் வரிசையாக இறங்கி வந்து, தெருவில் நின்று, திரும்ப மாடி ஏறினார்கள். மதியம் 1 மணி 14 நிமிடத்துக்கு நிஜமாகவே ஆடியது. மையம் நகருக்குக் கிட்டத்தில் இருந்ததால் சைரனும் ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. சுமார் 370 பேர் போய்விட்டார்கள். 2022 செப்டம்பர் 19: மறுபடி ஒத்திகை, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மறுபடி நிலநடுக்கம்.

கணக்குப்புலி:

பூமிக்குக் காலண்டர் தெரியாது. 1985, 2022 இரண்டும் பசிபிக் கரையோரப் பூமித்தட்டு உராய்வு. 2017 உள்நாட்டில், அடியில் இறங்கிக்கொண்டிருந்த தட்டுக்குள்ளேயே ஏற்பட்ட முறிவு. இரண்டுக்கும் வழியே வேறு. நிலநடுக்கம் ஓயாத நாடு அது.

ஆனால் ஒன்று. நான் அந்த ஊரில் இருந்தால், கணக்கு தெரிந்தும், செப்டம்பர் 19 அன்று மாடியில் உட்கார மாட்டேன்.

அரைநிமிடம்:

புலி பணிந்தது, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மௌனவாசகி:

ஜூலை 4ஐ யாரும் உடைக்கவில்லையே. முயன்று பார்க்கிறேன். விடுதலைக்கு ஓட்டுப் போட்டது 1776 ஜூலை 2. வருங்காலம் ஜூலை 2ஐத்தான் கொண்டாடும் என்று ஆடம்சே மனைவிக்கு எழுதினார். 4 அன்று ஏற்றுக்கொண்டது பிரகடனத்தின் வாசகத்தை. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ஆக அந்தத் தேதியே ஒரு தெரிவுதான்.

அடுத்து, ஜெஃபர்சன் 3ஆம் தேதி இரவு நினைவு வரும்போதெல்லாம் ‘நான்காம் தேதி ஆகிவிட்டதா?’ என்று கேட்டதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் அதற்காகவே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார் போலத் தோன்றுகிறது. ஆடம்ஸ் கடைசியாக ‘ஜெஃபர்சன் இருக்கிறார்’ என்று சொன்னதாகச் சொல்வார்கள். ஜெஃபர்சன் இறந்து அப்போது சில மணி நேரம் ஆகியிருந்தது, செய்தி வந்திருக்க வழியில்லை. 83 வயதும் 90 வயதுமாக இரண்டு பேர் ஒரு தேதிக்காகக் காத்திருந்தால், அது பாதி தற்செயல்தான். மன்றோவை என்னால் விளக்க முடியவில்லை.

பழையபேப்பர்:

அந்தப் பாதியைத்தான் நானும் சொல்ல வந்தேன். மனிதர்கள் தேதியைப் பார்த்து நடந்துகொள்கிறார்கள். இந்திய விடுதலைக்கு ஆகஸ்ட் 15ஐ மவுண்ட்பேட்டன் தேர்ந்தெடுத்தது, ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நாள் என்பதற்காகத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். தென்கொரியா 1948இல் குடியரசை அறிவித்ததும் அதே கணக்கில்தான், 1945 ஆகஸ்ட் 15 அவர்களுக்கு விடுதலை நாள்.

காலண்டர்தாள்:

இழையை அப்படியே அக்கா மகனுக்கு அனுப்பினேன். முழுக்கப் படித்திருக்கிறான். ஒரே ஒரு கேள்வி கேட்டான்: ‘நவம்பர் 9 பற்றி இவ்வளவு பேசிவிட்டு 1799ஐ விட்டுவிட்டீர்களே மாமா? நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த நாள் அதுதானே?’

பழையபேப்பர்:

அட, ஆமாம். ஆனால் அவனிடம் இதையும் சொல்லுங்கள். பிரான்சில் அப்போது அரசு நாட்காட்டியே வேறு. புரட்சிக்காரர்கள் மாதப் பெயர்களையெல்லாம் மாற்றி, வாரத்துக்குப் பத்து நாள் வைத்திருந்தார்கள். அரசாங்கத் தாள்களில் அன்றைய தேதி எட்டாம் ஆண்டு பிரூமேர் 18. அந்தச் சம்பவத்துக்கே அதுதான் பெயர். அன்று ஆட்சியைப் பிடித்தவரே பிற்பாடு அந்த நாட்காட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, 1806 ஜனவரி 1 முதல் பழையபடி கிரிகோரியனுக்குத் திரும்பினார்.

காலண்டர்தாள்:

வாசகம் தயார் செய்துகொண்டேன்: ‘கிரிகோரியன் கணக்குப்படி இன்று.’ நவம்பர் 9 அன்று காலை ஐந்து மணிக்கே போட்டுவிடுவேன், அவன் எழுந்திருப்பதற்குள்.